குளிர்நாட்டுப் புல் நம் கொல்லைக்கு ஆகுமா?

சென்ற தை மாதத்தில் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். மணிலாவில் இலைப்புள்ளி நோய் பார்க்கத்தான் அழைத்திருந்தார்கள். பார்த்து முடித்துக் கிளம்பும் நேரத்தில் ஒரு விவசாயி, "சார், ஒரு நிமிஷம் நம்ம கிணத்தாண்ட வந்துட்டுப் போங்க" என்றார். கிணற்றையொட்டிப் பத்து சென்ட் நிலம். அதில் கரும்பச்சை நிறத்தில், சீப்பால் வாரிவிட்டாற்போல் புல் நின்றிருந்தது.

"வெளிநாட்டுப் புல் சார். தீபம் முடிஞ்ச கையோட விதைச்சேன். எப்படி வந்திருக்கு பாருங்க."

விதை வந்த பையை எடுத்துக் காட்டினார். ஒரு பெரிய பங்களா, அதன் முன்னே புல்தரை, அதில் ஓடும் ஒரு நாய், இதுதான் படம். பெயர் டால் பெஸ்க்யூ. விற்றவர் சொன்னது இது: பன்னிரண்டு மாதமும் பச்சையாக இருக்கும், வறட்சி தாங்கும், திருவண்ணாமலையைச் சுற்றி எழும்பும் விடுதிகளுக்குத் தரைவிரிப்பாக வெட்டி விற்கலாம், விற்றது போக மீதி கறவை மாட்டுக்கு ஆகும். விதைக்குக் கொடுத்த பணத்தில் நல்ல கிடேரிக் கன்று ஒன்று பிடித்திருக்கலாம் என்று கணக்குப் பார்த்தபோது தெரிந்தது.

அவரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, பங்குனி தாண்டினால் இந்தப் புல் நிற்காது. இரண்டு, இதை மாட்டுக்குப் போட வேண்டாம். முதலாவதை அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இரண்டாவதைக் கேட்டதும் திடுக்கிட்டார். ஏனெனில் முதல்நாள்தான் ஒரு கட்டு அறுத்துப் போட்டிருக்கிறார்.

இதே பை வேறு பல வீட்டுத் திண்ணைக்கும் வரக்கூடும். ஆகவே அவரிடம் கிணற்றடியில் நின்றபடி சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

வெயில் புல்லும் பனிப் புல்லும்

சோளம், கம்பு, கரும்பு, அருகு, கொழுக்கட்டைப்புல் இவையெல்லாம் வெயில் ஏற ஏறத் தழைப்பவை. கோதுமை, பார்லி, ரை புல், பெஸ்க்யூ இவை குளிர்ச்சியை நாடுபவை. காற்றின் வெப்பம் 15 முதல் 24 டிகிரி வரை இருந்தால் செழிக்கும். திருவண்ணாமலைச் சீமையில் மார்கழி விடியற்காலையில் அந்த அளவுக்குக் குளிர் இறங்குகிறது. அதனால்தான் அந்தப் புல் தையில் அத்தனை அழகாக இருந்தது. சித்திரை, வைகாசியில் 38, 40 டிகிரிக்குப் போகும்போது என்ன செய்யும்?

இலைக்குள் கரியமில வாயுவைப் பிடித்து உணவாக்கும் நொதி ஒன்று உண்டு. குளிர்நாட்டுப் புற்களில் வெப்பம் ஏறினால் அந்த நொதி கரியமில வாயுவுக்குப் பதிலாகப் பிராணவாயுவை அடிக்கடி பிடித்துவிடுகிறது. பகலில் சம்பாதித்த மாவுச்சத்தில் ஒரு பங்கு இப்படி வீணாகிறது. இரவும் வெக்கையாக இருந்தால் மூச்சு விடுவதிலேயே மீதியும் கரைகிறது. வரவைவிடச் செலவு மிஞ்சிய குடும்பம்போல், புல் தன் வேரில் சேர்த்து வைத்ததைத் தின்று தீர்த்துவிட்டுக் காய்கிறது. அந்த நிலையில் எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் பயனில்லை.

"நெல்லும் அதே வகைதானே, அது நம் கழனியில் விளையவில்லையா?" என்று வேளாண்மை படித்த பிள்ளைகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நெல் வெப்பநாட்டில் பிறந்து வெப்பத்துக்குப் பழகிய பயிர். நான்கு மாதத்தில் அதன் வாழ்வும் முடிந்துவிடும். பெஸ்க்யூ பல்லாண்டுப் புல். கோடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதன் வேர், மண் குளிர்ந்திருக்கும்போது வளரும். மண் சுட்டால் சுருங்கும்.

வறட்சி தாங்கும் என்று விற்றவர் சொன்னது முழுப் பொய் அல்ல. குளிர்நாட்டுப் புற்களுக்குள்ளே ஒப்பிட்டால் டால் பெஸ்க்யூ உறுதியானதுதான். இரண்டு மூன்று அடி ஆழம் வேர் விடும். ஆனால் அந்த நாட்டுக் கோடை இரண்டு மூன்று மாதத்தில் முடிந்து, பிறகு பனிக்காலம் வந்துவிடும். நமக்கு மாசியில் தொடங்கும் வெயில் புரட்டாசி வரை விடுவதில்லை.

நானும் இதில் சூடுபட்டவன்தான். மேற்படிப்பு மாணவனாக இருந்த காலத்தில் மலையிலிருந்து ஒரு பொட்டலம் ரை புல் விதையைக் கொண்டுவந்து, சமவெளியில் விடுதிக்குப் பின்னால் ஒரு பாத்தி விதைத்தேன். மார்கழியில் நண்பர்களை அழைத்துக் காட்டிப் பெருமைப்பட்டேன். வைகாசியில் அந்தப் பாத்தியில் கோரையும் அருகும்தான் மிச்சம். அருகை நான் விதைக்கவே இல்லை.

அது வாழும் இடம்

தமிழ்நாட்டில் இத்தகைய புல்லுக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நீலகிரியும் கொடைக்கானல் மேல்மலையும் இருக்கின்றன. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் குளிர்நாட்டுப் புற்களையும் குளோவர் என்னும் பயறுவகைத் தீவனத்தையும் ஆட்டு மேய்ச்சலுக்கென்றே வளர்க்கிறார்கள். அங்கு அது பொருந்தும்.

உதகை தாவரவியல் பூங்காவுக்குச் சென்று வந்தவர்கள் அங்குள்ள புல்தரையை மறக்க மாட்டார்கள். 1848-இல் மக்ஐவர் என்பவரின் பொறுப்பில் உருவாகத் தொடங்கிய தோட்டம் அது. கடல்மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் கூடுதலான உயரம். அங்கேயும் பெரும்பாலும் படர்ந்திருப்பது கிக்கூயு என்னும் கென்ய மலைநாட்டுப் புல்தான். அதுவும் சும்மா வருவதன்று. மார்கழி, தையில் உறைபனி விழுந்தால் புல் கருகிவிடும் என்பதால், விடியலில் தண்ணீர் தெளிக்கிறார்கள். செடிகளுக்குக் கோத்தகிரி மிலாறு கொண்டு மறைப்புக் கட்டுகிறார்கள். மலர்க் கண்காட்சிக்கு முன்னே புல்தரையில் மக்கள் நடக்கவும் தடை போடுகிறார்கள். அரசுத் தோட்டம், சம்பள ஆட்கள், நுழைவுக் கட்டண வருமானம் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பச்சையைக் காக்கின்றன.

மலையில் நிலம் வைத்திருக்கும் வாசகர்களுக்காக டால் பெஸ்க்யூவின் பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்டுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ விதை பிடிக்கும். கால் அங்குல ஆழத்துக்கு மேல் போகக்கூடாது. ஒன்று, இரண்டு வாரத்தில் முளைக்கும். மூன்று அங்குலத்துக்குக் கீழே ஒட்ட வெட்டக்கூடாது. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் எடுக்கவும் கூடாது. தினம் மேலாகத் தெளிப்பதைவிட வாரம் ஒருமுறை ஆழமாக நனைப்பது நல்லது. இது தூர் கட்டும் புல். அருகுபோல் ஓடிப் படராது. ஆகவே வெற்றிடம் விழுந்தால் மறுபடி விதைத்தே மூட வேண்டும். இரவும் வெப்பமாகி ஈரமும் கூடினால் வட்டம் வட்டமாகப் பழுப்பு நோய் இறங்கும். நெல்லில் இலையுறைக் கருகல் உண்டாக்குகிறதே, அதே ரைசோக்டோனியா பூசணம்தான். கழனிக்குப் பக்கத்தில் அதற்கு இன்னொரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மாட்டுக்கு ஏன் கூடாது?

எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். புல் காய்ந்தால் பணம் போகும். மாடு படுத்தால் குடும்பமே படுக்கும்.

அமெரிக்காவில் கென்டக்கி என்றொரு மாநிலம். 1931-இல் அங்குள்ள வேளாண் கல்லூரிப் பேராசிரியர் பெர்கஸ் என்பவர் ஒரு விவசாயியின் மலைச்சரிவு நிலத்தில் இந்தப் புல்லைப் பார்த்தார். மற்றப் புல்லெல்லாம் சோர்ந்தபோது இது மட்டும் பச்சையாக நின்றது. விதை வாங்கிச் சோதித்து 1943-இல் "கென்டக்கி 31" என்ற பெயரில் வெளியிட்டார்கள். மண் அரிப்பைத் தடுத்தது, மேய்ச்சலைத் தாங்கியது, பூச்சி அண்டவில்லை. விவசாயிகள் ஓடி ஓடி விதைத்தார்கள். நாளடைவில் மூன்றரைக் கோடி ஏக்கர் அளவுக்குப் பரவிற்று.

பிறகு மாடுகள் நோயுற்றன. வெயிலில் மூச்சிரைத்து, வாயில் நுரை தள்ளி, குட்டைத் தண்ணீரில் போய் நின்றன. பால் குறைந்தது, சினை பிடிக்கவில்லை. குளிர்காலத்தில் பின்னங்கால் வீங்கி நொண்டின. சிலவற்றுக்குக் குளம்பே கழன்றது, வால்நுனி அழுகி விழுந்தது. புல்லைச் சோதித்தால் சத்தெல்லாம் சரியாகவே இருந்தது. காரணம் பிடிபட முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1977-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பணியாற்றிய விஞ்ஞானிகள், அந்தப் புல்லின் உடலுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூசணம் குடியிருப்பதைக் கண்டு எழுதினார்கள். இலையில் புள்ளி இல்லை, அழுகல் இல்லை. விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அது சுரக்கும் நஞ்சு மாட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. தோலுக்கு இரத்தம் ஓடாவிட்டால் உடல் சூடு வெளியேறாது. காலுக்கும் வாலுக்கும் ஓடாவிட்டால் அவை அழுகும்.

நம் விவசாயிகளுக்கு இது புரியாத விஷயமல்ல. கம்பில் தேனொழுகல் நோய் வந்து, கதிரில் கறுப்பாக முடிச்சு விழுகிறதே, அந்தப் பூசணத்துக்கு இது உறவுக்காரப் பூசணம். கம்பு முடிச்சை உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு எடுத்துவிடலாம். பெஸ்க்யூவில் அது புல்லுக்குள்ளேயே இருப்பதால் எடுக்க வழியில்லை.

புல்தரைக்கு விதை உற்பத்தி செய்பவர்கள் இந்தப் பூசணத்தை நீக்குவதில்லை, வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். பூச்சி தின்னாது, வறட்சி தாங்கும் என்பதால் புல்தரைக்கு அது நல்லது. பங்களா முன்னே வளரும் புல்லை யாரும் மேய்க்கப் போவதில்லையே! இரகசியமும் இல்லை, சில பைகளில் இந்தப் பூசணம் உள்ள விதை என்று பெருமையாகவே அச்சிட்டிருக்கும். ஆனால் ஆங்கிலத்தில், சிறு எழுத்தில். மேய்ச்சலுக்கென்று நஞ்சு சுரக்காத பூசணத்தை ஏற்றிய பெஸ்க்யூ இரகங்கள் 2000-ஆம் ஆண்டையொட்டி நியூசிலாந்து விஞ்ஞானிகளின் முயற்சியால் வந்தன. நம் ஊர்த் திண்ணைக்கு வரும் பை அதுவாக இருக்கும் என்று நம்ப இடமில்லை.

பல்லாண்டு ரை புல்லிலும் இதே போன்ற பூசணமும், ஆடுகளைத் தள்ளாட வைக்கும் நஞ்சும் உண்டு. புல்தரைக் கலப்பு விதைகளில் அதுவும் கலந்திருக்கும். பஞ்சாபில் குளிர்காலத் தீவனமாக வளர்க்கும் ஓராண்டு ரை புல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒரு கட்டு போட்டதால் அந்த விவசாயியின் பசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. விதை ஓராண்டுக்கு மேல் வெப்பத்தில் கிடந்திருந்தால் பூசணம் செத்துப் போயிருக்கவும் கூடும். ஆனால் நுண்நோக்கி வைத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. 40 டிகிரி வெயிலில் கலப்பினப் பசுவை வைத்துக்கொண்டு பரிசோதனை நடத்தவும் முடியாது. இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. போடுவதை நிறுத்துவதே வைத்தியம். ஏற்கெனவே பல நாள் போட்டவர்கள் மாட்டின் மூச்சிரைப்பையும் பின்னங்காலையும் கவனித்து, கால்நடை மருத்துவரிடம் "இன்ன புல் போட்டேன்" என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. விடுதி, பங்களாக்களில் வெட்டிக் கொட்டும் புல்லைச் சாக்கில் அள்ளிவந்து மாட்டுக்குப் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது அருகாகவே இருந்தாலும், அதன்மேல் களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ எப்போது அடித்தார்கள் என்று கேட்காமல் எடுக்காதீர்கள்.

புல்தரை விற்றுத்தான் ஆக வேண்டுமென்றால்

விடுதிகள் கேட்கின்றன, விற்றால் என்ன என்பதில் தவறில்லை. பணம் வருகிற வழியை அடைக்க நான் யார்? ஆனால் நம் மண்ணில் வளர்வதை விற்கலாமே! அருகம்புல்லை நாம் மண்வெட்டியால் கொத்தி வரப்பில் எறிகிறோம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் கிளென் பர்ட்டன் என்பவர் அதே அருகிலிருந்து 1943-இல் "கோஸ்டல்" என்ற தீவன இரகத்தை வெளியிட்டார். தென்னாப்பிரிக்க அருகும் நம் ஊரில் உள்ள அருகும் கலந்த "டிஃப்வே" இரகம் 1960-இல் வந்தது. விளையாட்டு மைதானங்களில் உலகம் முழுவதும் போடுகிறார்கள்.

அருகை நட விதையே தேவையில்லை. தண்டையும் வேர்க்கிழங்கையும் இரண்டு மூன்று அங்குலத் துண்டுகளாக நறுக்கி, சாணம், மண், தண்ணீர் சேர்த்துக் குழைத்து, சமன்செய்து நனைத்த நிலத்தில் பூசிவிடலாம். மேலே மெல்லிசாக மக்கிய எருவும் மண்ணும் தூவித் தினமும் நீர் தெளித்தால் படர்ந்துவிடும். வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். மர நிழலில் அருகு வராது. மணிலா போடும் கொல்லைக்குள் மட்டும் இதை விடாதீர்கள், பிறகு பிள்ளைகள் காலத்திலும் எடுக்க முடியாது.

தரைவிரிப்பாக வெட்டி விற்பதில் ஒரு மறைமுகச் செலவு இருக்கிறது. புல்லோடு மேல்மண்ணும் போகிறது. ஒரு சென்டிமீட்டர் மண்தான் என்று வைத்துக்கொண்டாலும், பத்து சென்டில் ஐந்து டன்னுக்கு மேல் ஆகும். ஒரு ஏக்கரில் ஐம்பது டன்னைத் தாண்டும். எருவும் மட்கும் சேர்ந்த முதல்தரமான மண் அது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை வெட்டும்போது சரளை எட்டிப் பார்க்கும். நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வருபவர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார். ஏரி வண்டல் அடித்து நிரப்புவது யார் செலவு என்பதை எழுத்தில் வாங்காமல் நிலம் விடாதீர்கள்.

விதை வாங்குவதானால் எந்த விதைக்கும் பில் வாங்குங்கள். 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம் நம் கையில் இருந்தும், பில் இல்லாதவனுக்கு அதனால் பெரிய உதவி இல்லை. இந்த விவசாயியிடம் பை இருந்தது, பில் இல்லை. விற்றவரின் கைப்பேசி எண் இருந்தது. பங்குனியிலிருந்து அது எடுக்கப்படவில்லை.

பத்து சென்டில் என்ன செய்யலாம்?

சித்திரையில் மறுபடி போனேன். புல் வைக்கோல் நிறமாகிக் கிடந்தது. "நீங்க சொன்னப்பவே ஓட்டிப் போட்டிருக்கணும் சார்" என்றார். பத்து சென்டுக்கும் கிணறு இருக்கிறது, இரண்டு கறவை இருக்கிறது, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். இவருக்கு எதற்குத் தரைவிரிப்பு?

கம்பு நேப்பியர் கோ 4 அல்லது கோ 5 நடலாம். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், கரணைக்குக் கரணை 50 சென்டிமீட்டர் என்றால் பத்து சென்டுக்கு ஏறக்குறைய 1,350 கரணை. முதல் அறுவடை 75, 80 நாளில். பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி ஆண்டுக்கு ஏக்கருக்கு 150 டன்னுக்கு மேல் வரும் என்போம். அது முழு உரமும் முழு நீரும் கொடுத்த கணக்கு. நம் கிணற்றுக்குப் பாதி என்று வைத்தாலும் பத்து சென்டில் நாளொன்றுக்கு 20 கிலோ பசும்புல் கிடைக்கும். ஒரு கறவைக்குச் சரியாகிறது. வரப்போரமாக வேலிமசாலோ அகத்தியோ வைத்து, மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு அதைக் கலந்து போட்டால் புண்ணாக்குச் செலவு சற்று இறங்கும். கிணறு இல்லாத கொல்லையில் மழையை நம்பிக் கொழுக்கட்டைப்புல் விதைக்கலாம். கோடையில் காய்ந்ததுபோல் கிடந்து, முதல் மழைக்குத் துளிர்க்கும். இரகம் பற்றிய ஐயங்களை வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரியிலோ கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுக்கொள்ளலாம்.

அவர் கரணைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். கிணற்று மேட்டில் புளியமர நிழலில் நாலைந்து தூர் பெஸ்க்யூ இன்னும் உயிரோடு நிற்கிறது. அதைத் தோண்டி எருக்குழியில் போடும் வரை மாட்டை அந்தப் பக்கம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.